பேமிற்றும் உறுதியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

காணி வழங்கும் வைபவங்கள் பற்றிய செய்திகளில் 'காணி உறுதி வழங்கிவைப்பு', 'காணிப் பெர்மிட் கையளிப்பு', 'காணி அனுமதி' என்று மூன்று விதமாகவும் வருகிறது. வாசிக்கிறவர் மூன்றையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார். குடியேற்றத் திட்டக் காணிகள் நிறைந்த வன்னியில் இந்தச் சொற்குழப்பம் கடைசியில் காணிக் குழப்பமாகத்தான் முடிகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் சனம் 'பேமிற்' என்று சொல்வதைப் படித்தவர்கள் சிலர் 'பெர்மிட்' என்று திருத்துவார்கள். திருத்தத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். பிரித்தானிய உச்சரிப்பில் நடுவிலுள்ள 'ர்' ஒலிப்பதுமில்லை. ஆகவே 'பேமிற்' என்பதுதான் அதற்குக் கிட்ட நிற்கிறது. வினைச்சொல்லாக, அனுமதி என்ற பொருளில் வரும்போது அழுத்தம் பின்னுக்குப் போய் 'பமிற்' என்றாகும். இறந்தகால வடிவத்தில் கடைசி ஆங்கில எழுத்தான 'ரீ' (t) இரட்டிப்பதற்குக் காரணமும் அந்தப் பின்னழுத்தம்தான். 'லிமிட்' என்ற சொல்லுக்கு அழுத்தம் முன்னால் இருப்பதால் அங்கே அது இரட்டிப்பதில்லை. மாணவர்கள் இந்த இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்பது வழமை.

'பெர்மிஷன்' என்பது அனுமதி. அது எண்ண முடியாத சொல், அதன் முன்னால் 'ஏ' போட்டு 'ஏ பெர்மிஷன்' என்று விண்ணப்பத்தில் எழுதக்கூடாது. 'பெர்மிட்' என்பது அந்த அனுமதியைச் சொல்லும் தாள். அதை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். வாயால் பெர்மிஷன் தரலாம், பெர்மிட் தர முடியாது. தமிழில் இடறுவது 'அனுமதி' என்ற சொல்தான். பாடசாலை அனுமதி, வைத்தியசாலையில் அனுமதி என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் 'அட்மிஷன்'. மரம் வெட்ட அனுமதி என்றால் 'பெர்மிஷன்'. இரண்டும் லத்தீனில் 'அனுப்பு, விடு' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. முதலாவது உள்ளே விடுவது, இரண்டாவது ஊடே போக விடுவது. 'அனுமதிப்பத்திரம்' இன்னும் சிக்கல். சாரதி அனுமதிப்பத்திரமும் வாகன வரி அனுமதிப்பத்திரமும் ஆங்கிலத்தில் 'லைசன்ஸ்', காணி அனுமதிப்பத்திரம் 'பெர்மிட்'. மணல் ஏற்றும் ரிப்பர்காரர் 'மண் பெர்மிட்' என்று சொல்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தில் பெயர் 'லைசன்ஸ்'தான். இதில் பெரிய மோசமில்லை. நூறு கன அடி கொண்ட ஒரு கியூப் மணலுக்குத் தாள் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

மோசம் காணியில்தான். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பெறுபவருக்கு முதலில் கிடைப்பது பெர்மிட். காணியில் குடியிருந்து செய்கை பண்ண விடும் தாள் அது. நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு வருவது 'கிராண்ட்', தமிழில் அளிப்பு. ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் கொடுக்கப்பட்டவை அளிப்புகள். தனியார் காணிக்கு நொத்தாரிசு முடிக்கும் 'உறுதி' வேறு இனம்.

இங்கே ஒரு ஆங்கில வசனத்தைக் கிட்டவாகப் பார்க்க வேண்டும். கடிதத்தில் 'ஏ பெர்மிட் ஹாஸ் பீன் கிராண்டட்' என்று வரும். 'கிராண்ட்' என்ற சொல்லைக் கண்டதும், அளிப்பே கிடைத்துவிட்டது என்று வீட்டில் பொங்கலே பொங்கிவிடுவார்கள். அந்த வசனத்தில் அது வெறும் வினைச்சொல், 'வழங்கப்பட்டது' என்பதற்கு மேல் எதுவுமில்லை. வழங்கப்பட்டது பெர்மிட் மட்டும்தான்.

பெர்மிட்காரர் காணியை விற்கவோ, நன்கொடை எழுதவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. எழுத்துமூலச் சம்மதம் பெற்று அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துக்கு ஈடு வைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அளிப்புக்காரரும்கூட முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் பெற்றுத்தான் கைமாற்றலாம். மீறி முடித்த எழுத்து செல்லாது. இதைச் சுற்றிப்போக அற்றோனித் தத்துவம், அதாவது காணிக்காரர் சார்பில் செயற்படும் எழுத்து அதிகாரம், எழுதி வாங்குகிறார்கள். கொடுத்தவர் கண்மூடினால் தத்துவமும் அத்தோடு சரி, கொடுத்த காசுக்குக் கையில் ஒன்றுமிராது.

'பெர்மிட் விற்கலாம்' என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. 'பெர்மிட்டோடு பஸ் விற்பனைக்கு' என்ற விளம்பரம் எல்லாருக்கும் பழக்கம். அரச உத்தியோகத்தரின் தீர்வைச் சலுகை வாகனப் பெர்மிட்டும் கைமாறுவதைச் சனம் கண்டிருக்கிறது. அந்தக் கண்ணோடு காணிப் பெர்மிட்டையும் பார்க்கிறார்கள்.

பெர்மிட்டிலும் இரண்டு வகை உண்டு. தாளின் தலைப்பில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் என்றிருந்தால் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவரை, நியமிக்கலாம். பெர்மிட்காரர் இறந்தால் முதலில் உரிமை வாழ்க்கைத் துணைக்கு. அதற்குப் பிறகுதான் நியமிக்கப்பட்டவர். நியமனம் பெர்மிட்காரர் உயிரோடிருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும், பெட்டிக்குள் மடித்து வைத்த கடிதம் உதவாது. அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் வருடாந்தப் பெர்மிட் அப்படியல்ல. அது ஒரு வருடத்துக்கு மட்டுமானது, பிள்ளைக்கு இறங்காது. இடப்பெயர்வில் தாளைத் தொலைத்தவர்கள் 'எங்களுக்குப் பேமிற் இருந்தது' என்று மட்டும் சொன்னால் காணிக் கிளையில் வேலை நடக்காது. எந்தப் பெர்மிட், யார் பெயரில், திட்டத்தின் பெயர், காணித்துண்டு இலக்கம் என்பவற்றைக் கொண்டுபோனால்தான் காணிப் பதிவேடான லெட்ஜரில் தேட முடியும்.

ஆகவே செய்தியில் பெர்மிட் என்றால் அனுமதிப்பத்திரம், கிராண்ட் என்றால் அளிப்பு, நொத்தாரிசு முடித்தது உறுதி என்று பிரித்து எழுதுங்கள். வைபவத்துக்குப் போகும் நிருபர், கொடுக்கப்படும் தாளின் தலைப்பு வரியைப் பார்த்தாலே போதும், பேச்சாளர் மேடையில் என்ன சொன்னாலும் சரி. விளம்பரப் பகுதியில் 'பெர்மிட் காணி விற்பனைக்கு' என்று வருவதை ஏற்க வேண்டுமா என்பதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
கிளிநொச்சி