தபால்வழி அறிமுகம்: தொழில் தொடங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் மேசை போட்டு, தனிமையில் வாடுகிறவர்களைத் தபால்வழியே ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் தொழிலைத் தொடங்கப் போகிறாய். ஒன்பது ஆண்டுகள் அதையே செய்துவிட்டு மூடியவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறாய். 'வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா' என்று கடைசி வரியில் ஒரு வேண்டுகோள் வேறு. சொல்லவில்லை. ஆனால் நீ எழுதிய நான்கு பக்கங்களில் மூன்று பக்கம் விளம்பரமும் பெயர்ப்பலகையும்தான். கட்டணத்தைப் பற்றி ஒரே வரி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆண்டுச் சந்தா வாங்கப் போவதாகச் சொல்கிறாய். ஒருவருக்கு நல்ல நட்பு அமைந்துவிட்டால் அடுத்த ஆண்டு அவர் ஏன் உனக்குச் சந்தா கட்டப் போகிறார்? அமையாதவர்தான் கட்டுவார். அவர் தனியாக இருக்கும்வரைதான் உனக்கு வரும்படி. கடிதத்துக்கு இவ்வளவு என்று வாங்கினாலோ, ஒட்டவே ஒட்டாத இருவரைக்கூட எழுதிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவைக்க மனம் சபலப்படும். உனக்கு வராது என்று சொல்லாதே. மாதக் கடைசியில் எனக்கு வந்தது. முகவரிப் பட்டியலை அச்சடித்து மொத்தமாக விற்பது பழைய வழி. அதைப்போல் எளிதான வழியும் இல்லை, கேடான வழியும் இல்லை. பல முறை மாற்றி மாற்றிப் பார்த்து நான் வந்து நின்ற இடம் இது: சேரும்போது ஒரே ஒரு கட்டணம், அதற்கு மூன்று அறிமுகங்கள், மூன்றும் பலிக்காவிட்டால் பாதிப் பணம் திரும்ப. பெரிய லாபமில்லை. ஆனால் வருகிற ஒவ்வொரு படிவத்தையும் அக்கறையோடு படிக்க அதுதான் என்னைக் கட்டாயப்படுத்தியது.

அடுத்தது முகவரி. 1931இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாரி பவர்ஸ் என்பவன் பிடிபட்டான். தபால்வழி அறிமுக நிறுவனம் மூலம், பொய்ப்பெயரில், கணவனை இழந்த பெண்ணொருத்திக்கு உருக உருக எழுதினான். அவளையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் கொன்றான். பிறகு இன்னொரு பெண்ணையும். மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டான். நடுவில் இருந்த நிறுவனம் யாரையும் கொல்லவில்லை. முகவரியைக் கொடுத்தது, அவ்வளவுதான். நீ செய்யப் போவதும் அந்த 'அவ்வளவுதானை'த்தான் என்பதை மறக்காதே.

ஆகவே வீட்டு முகவரியை விளம்பரத்தில் போடாதே. தபால் பெட்டி எண் ஒன்றை வாடகைக்கு எடு. உறுப்பினர்கள் எழுதுவதெல்லாம் உன் வழியாகவே போகட்டும். எழுதுகிறவர் கடிதத்தை உள்ளுறையில் வைத்து, அதன்மேல் எதிராளியின் அடையாளத்தை மட்டும் குறித்து, உனக்கு முகவரியிட்ட வெளியுறையில் போட்டு அனுப்ப வேண்டும். நீ வெளியுறையைக் கிழித்துவிட்டு, உள்ளுறையைப் புதிய உறையில் போட்டு அனுப்புவாய். முதல் கடிதம் மட்டும் ஒட்டாமல் வரட்டும், நீ படிப்பாய் என்பது இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும். அதன் பிறகு வருவதைத் திறக்காதே. இருவரும் தனித்தனியே கையெழுத்திட்டுச் சம்மதம் அனுப்பிய பின்பே முகவரி கைமாற வேண்டும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நட்பானார்கள் என்று நீ உருகி எழுதியிருந்தாய். அவர்களுக்கு நடுவில் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரும் உட்காரவில்லையம்மா.

இவ்வளவு செய்தும் ஏமாற்ற வழி கண்டுபிடிப்பார்கள். ஒரு மழை நாளில் உள்ளுறை ஒன்று நனைந்து வந்தது. உள்ளுறைக்குத் தபால்தலையே தேவையில்லை. அதன் மூலையில் அழகான பழைய தலை ஒன்று, சும்மா அலங்காரத்துக்குப்போல ஒட்டியிருந்தது. ஈரத்தில் அது நழுவ, அடியில் எறும்பு எழுத்தில் ஒரு தொலைபேசி எண். அந்த மனிதரின் முந்தைய உறைகளிலும் தலை ஒட்டியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றோடு அவரை நீக்கினேன். பணம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது கடிதத்தில் கேட்பார்கள். திடீர் நோய், தொலைந்த பணப்பை, கிடைக்கப்போகும் சொத்து. 'முதல் முறை கேட்டதுமே எனக்கு எழுதுங்கள், கொடுத்துவிட்டீர்களானாலும் எழுதுங்கள்' என்று விதித்தாளில் கொட்டை எழுத்தில் போடு. கொடுத்துவிட்டவர்கள் வெட்கத்தால் வாய் திறக்க மாட்டார்கள்.

என் தவறையும் சொல்கிறேன். நான் உறுப்பினர்களுக்கு எண் கொடுத்திருந்தேன். ஒரு மாலை, களைப்பில், 41க்குப் போக வேண்டிய கடிதத்தை 14க்கு அனுப்பிவிட்டேன். 14 கண்ணியமானவர், முதல் பத்தியிலேயே தனக்கல்ல என்று புரிந்து திருப்பி அனுப்பினார். அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. 41 ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். தன் நீண்ட கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்று எண்ணி, விலகுகிறேன் என ஒரு வரி எழுதிவிட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், வந்த கடிதத்தையும் இணைத்தேன். அவரிடமிருந்து பிறகு எதுவும் வரவில்லை. அதற்குப் பின் எண்களை விட்டுவிட்டுப் பறவைப் பெயர்களுக்கு மாறினேன். நாரையும் மீன்கொத்தியும் எவ்வளவு களைப்பிலும் குழம்பாது.

காகிதம் சேர்க்காதே. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பாரெட் என்பவர் 1915இல் தனிமையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு விளம்பரப் பத்திரிகை தொடங்கினார். 1921இல் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்தார் என்று அவருக்கும் அதன்மூலம் பழகிய மூன்று ஆண்களுக்கும் சிறை. அந்த ஆண்கள் ஒருவருக்கொருவர் எழுதிய அன்புக் கடிதங்களே சாட்சி. காலம் மாறும், சட்டம் மாறும், பெட்டியில் கிடக்கிற கடிதம் மாறாது. பெயரும் முகவரியும் தேதியும் கொண்ட ஒரு பதிவேடு போதும், அதுவும் பூட்டுக்குள். விலகியவரின் பக்கத்தைக் கிழித்து எரித்துவிடு. வீட்டுத் தொழிலுக்கான பதிவு, வரி, தனிநபர் விவரப் பாதுகாப்பு இவற்றை உன் ஊர்ச் சட்டப்படி ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள். 18 வயது நிறையாதவர்களைச் சேர்க்காதே, வயதுச் சான்றின் நகல் இல்லாமல் யாரையும் சேர்க்காதே.

உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னதை எடுத்துக்காட்டியிருக்கிறாய். அந்த ஆறில் ஒருவர் எல்லாம் உன் வாடிக்கையாளர் அல்லர். பின்லாந்தின் துர்க்கு நகரிலிருந்து 1952 முதல் உலகெங்கும் மாணவர்களுக்குப் பேனா நண்பர்களைச் சேர்த்துவைத்த அமைப்பே 2008இல் கடையைக் கட்டிவிட்டது. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. உன்னிடம் வரப்போவது ஒரு சிறு கூட்டம்: காது கேளாதவர்கள், பேச்சில் கூச்சம் உள்ளவர்கள், இரவுப் பணிக்காரர்கள், நோயாளியைப் பார்த்துக்கொண்டு வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள், அறிமுகச் செயலிகளின் தொடுதிரையில் முகம் முகமாகத் தள்ளிச் சலித்தவர்கள். அவர்களுக்கு நிதானம் வேண்டும். உடனுக்குடன் பலன் என்று விளம்பரம் எழுதினால் வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

பொருத்தம் பார்ப்பதில் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பொழுதுபோக்கு, படித்த புத்தகம் எல்லாம் இரண்டாம் பட்சம். வேகம்தான் முதலில். வாரம் எட்டுப் பக்கம் எழுதுகிறவரையும் மாதம் ஒரு அஞ்சலட்டை போடுகிறவரையும் சேர்த்தால், முன்னவர் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். பின்னவர் கடன்காரனைப்போல் ஒளிவார். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். 'கடைசியாக யாருக்காவது எப்போது கடிதம் எழுதினீர்கள், எத்தனை பக்கம்?', 'பதிலுக்கு எத்தனை நாள் பொறுப்பீர்கள்?' இந்த இரண்டு கேள்விகளைப் படிவத்தின் மேலேயே வை. 'எப்படிப்பட்டவரை எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேட்காதே. எல்லோரும் நேர்மையானவரை என்றுதான் எழுதுவார்கள். 'மாலை ஆறிலிருந்து ஏழுவரை என்ன செய்வீர்கள்' என்று கேள். ஒருவர் எனக்கு 'ஜன்னல் கதவை மூடுவேன்' என்று எழுதினார். இன்னொரு படிவத்தில் 'விளக்குப் போடாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பேன்' என்று கண்டேன். யோசிக்காமல் சேர்த்துவைத்தேன்.

படிவத்தின் முதல் பிரதியை எனக்கே அனுப்பு, தபாலில். நிரப்பி அனுப்புகிறேன். நான் எதை நிரப்பாமல் விடுகிறேனோ, அந்தக் கேள்வியை அடித்துவிட்டு அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
அக்கா