ஐந்து என்றால் ஐந்தாக இருக்கட்டும்: மதுரையில் ஓட்டப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் ஓட்டங்களை நடத்துகிற எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் இரண்டு குழுக்கள் இந்த ஆகஸ்டில் மூன்று நாளுக்குள் இரண்டு போட்டி வைத்தீர்கள். 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சுதந்திர தினத்துக்கு ஐந்து கிலோமீட்டர், 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர். இரண்டுக்கும் பணம் கட்டி இரண்டையும் ஓடி முடித்தவள் நான். வயது 46. ஆறு வருடமாக தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். எதை யார் நடத்தினார்கள் என்று இங்கே பெயர் போடப் போவதில்லை. இரண்டு பக்கமும் ராத்திரி தூங்காமல் தடுப்பு தூக்கிப் போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த தடவையும் இதேதான் நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'மூணு நாளில் ரெண்டு ரேஸா, ஒன்றை வேறு மாதத்துக்குத் தள்ளலாமே' என்று உங்களிடம் சிலர் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள். மாரத்தான் ஓடியவர்கள் மறுபடி ஒரு போட்டிக்குத் தயாராக மாதக்கணக்காகும், எங்களைப் போல ஐந்தும் பத்தும் ஓடுகிறவர்களுக்கு அப்படியில்லை. ஒன்றில் செய்த தப்பு நினைவில் இருக்கும்போதே அடுத்ததில் நின்று அதைத் திருத்திக்கொள்ள முடியும். வெள்ளிக்கிழமை நான் கல்லூரிப் பையன்களுக்குப் பின்னாலேயே கிளம்பி முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 40 விநாடியில் ஓடிவிட்டேன், அது என்னுடைய வேகமே இல்லை, மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கி பாதி நடை பாதி ஓட்டமாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அதே ஆர்வத்தைக் கட்டுப்படுத்தி ஏழு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று கடைசி வரை பிடித்துப் போனேன். இதை இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன், ஆறு மாதம் கழித்து அடுத்த போட்டி வந்திருந்தால் மறந்தே போயிருப்பேன்.

பெரிய ஓட்டக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் கோவிந்தன் லட்சுமணன், 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் முதல் நாள் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார், கடைசி நாள் 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார். நாலு நாளுக்குள் இரண்டு. ஆனால் அவர் ஓடியது 400 மீட்டர் தடத்தில். பன்னிரண்டரைச் சுற்று ஓடினால் ஐந்தாயிரம், இருபத்தைந்து ஓடினால் பத்தாயிரம், அங்கே தூரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. எங்களுக்கு அப்படியில்லை, சாலைதான். நீங்கள் கோன் (திரும்பும் இடத்தைக் காட்டும் கூம்பு) வைக்கிற இடம்தான் எங்களுக்கு ஐந்து கிலோமீட்டர்.

இப்போது வெள்ளிக்கிழமை கதைக்கு வருகிறேன். தெப்பக்குளத்திலிருந்து கிளம்பி விரகனூர் போகிற சாலையில் போய் யு-டர்ன் அடித்துத் திரும்பும் வழி. என்னுடைய சராசரி ஐந்து கிலோமீட்டர் 33 நிமிடம், என்றைக்கோ ஒரு நாள் ஓடிய சிறந்த நேரம் 32 நிமிடம் 40 விநாடி. அன்றைக்கு முடிவுக் கோட்டைத் தாண்டும்போது 29.48, அதாவது 29 நிமிடம் 48 விநாடி. அரை நிமிடம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை, அப்புறம் அப்படி ஒரு சந்தோஷம், 'முப்பதுக்குக் கீழ ஓடிட்டேன்' என்று வீட்டுக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், பதினைந்து வயது இருக்கும், முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றவள் நிமிர்ந்து, 'சார், ரெண்டு நிமிஷம் கொறஞ்சிருச்சு சார்' என்று அவளுடைய பயிற்சியாளரிடம் ஓடினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவள் தலையில் கை வைத்து 'போயி தண்ணி குடி' என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும் இடத்தில் நின்ற தம்பி, கோனை ஒரு டீக்கடை வாசலில் வைத்திருந்தார். விடிந்து வெயில் ஏறிவிட்டது, கடைக்கு முன்னால் நிழல் இருந்தது, எங்கே வைக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சரியாகச் சொல்லவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணிக்கு மகனோடு அங்கே போனேன். அவனுடைய சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். அந்தச் சக்கரம் ஒருமுறை உருண்டால் 2.08 மீட்டர், அதை இஞ்ச் டேப் வைத்துப் பத்துச் சுற்றுக்கு அளந்து வகுத்து எடுத்தோம். தொடக்கக் கோட்டிலிருந்து ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம், நூறு நூறாக அவன் எண்ண, ஒவ்வொரு நூறுக்கும் நான் ஒரு புளியங்கொட்டையைப் பைக்குள் போட்டேன். டீக்கடை வாசல் வந்தபோது 1,106 சுற்று. பெருக்கிப் பார்த்தால் 2,300 மீட்டர், போக வர 4.6 கிலோமீட்டர். என்னுடைய 29.48-ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே, அதாவது நான் எப்போதும் ஓடுகிற வேகம்தான். சான்றிதழில் '5 கி.மீ., 29.48' என்று அச்சாகி இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் ஒன்று இருக்கும். அடுத்து அவள் சரியாக அளந்த பாதையில் ஓடும்போது இரண்டு நிமிடம் கூடுதலாகத்தான் வரும், நாம் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். எனக்குப் பரவாயில்லை, எனக்கு 46 வயது. அந்த வயதுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும்?

ஞாயிற்றுக்கிழமை நேர்மாறு. அழகர்கோவில் சாலையில் காற்றடைத்த தொடக்க வளைவு நிற்க வேண்டிய இடத்தில் பஸ்கள் நின்றதால் அதைச் சுமார் 150 மீட்டர் பின்னால் தள்ளி நிறுத்தினீர்கள், திரும்பும் இடத்தை மாற்றவில்லை. தொடக்கமும் முடிவும் ஒரே வளைவு என்பதால் போக வர 300 மீட்டர் கூடிவிட்டது. பலருடைய கடிகாரத்தில் 10.3, 10.4 என்று காட்டியது. (ஜிபிஎஸ் கடிகாரம் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், சாலைத் திருப்பங்களில் நாம் உள்பக்கம் ஒட்டி ஓடுவதில்லை, அதனால் அதை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை.) ஆக இரண்டு நாள் இடைவெளியில் ஓடிய இரண்டு போட்டிகளில் ஒன்று 400 மீட்டர் குறைவு, இன்னொன்று 300 மீட்டர் அதிகம். எதை வைத்து எதை ஒப்பிடுவது?

உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்ட அளவு முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, சைக்கிள்தான். அமெரிக்காவில் 1971-இல் வந்த ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்னக் கருவியை முன்சக்கரத்தில் மாட்டுவார்கள், சக்கரம் எவ்வளவு உருண்டது என்று அது எண்ணிக்கொண்டே வரும். முதலில் இரும்பு டேப்பால் துல்லியமாக அளந்த ஒரு நேரான துண்டில் அதே சைக்கிளை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிப்பார்கள். அப்புறம் ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டி அளப்பார்கள். வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து அளவு மாறும், அதனால் அளந்து முடித்த பிறகும் அந்தத் துண்டில் ஒருமுறை ஓட்டிச் சரிபார்ப்பார்கள். கடைசியில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள், தூரம் எந்தக் காரணத்துக்காகவும் குறைந்துவிடக் கூடாது என்று. 5 கிலோமீட்டர் போட்டி என்றால் தரையில் 5,005 மீட்டர். தொடக்கம், திரும்பும் இடம், முடிவு மூன்றிலும் தாரில் ஆணி அடித்து, பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் யார் கோன் வைத்தாலும் ஒரே இடத்தில்தான் வைப்பார்கள், நிழல் எங்கே இருந்தாலும்.

நான் கேட்பது இதுதான். இரண்டு குழுவும் ஒருநாள் சேர்ந்து உட்காருங்கள். ஊருக்கு ஒரே ஒரு ஐந்து கிலோமீட்டர் பாதையை இப்படி அளந்து ஆணி அடித்து வையுங்கள். வெள்ளிக்கிழமைக்காரர்கள் அதில் ஒருமுறை ஓட விடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் இரண்டுமுறை ஓட விடுங்கள். அளக்கிற செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம், போலீஸ் அனுமதிக்கும் வருடா வருடம் ஒரே வரைபடம் போதும். நாங்கள் போன வருடம் ஓடியதையும் இந்த வருடம் ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை 5.45-க்குக் கொடியசைப்பு என்று போட்டிருந்தது. ஜூம்பா ஆட வைத்து எல்லாரையும் சூடாக்கிவிட்டு, சிறப்பு விருந்தினர் வரும்வரை நிற்க வைத்து, 6.35-க்குத்தான் விட்டீர்கள். ஆகஸ்டில் மதுரையில் அந்த ஐம்பது நிமிடம் என்பது வேறு ஒரு போட்டி. விருந்தினர் பரிசு கொடுக்க வரட்டும், மரியாதை ஒன்றும் குறையாது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் சொன்ன நிமிடத்தில் விட்டார்கள், அதற்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை, ஒன்றே முக்கால் மணி நேரம் வரை அனுமதி என்று போட்டிருந்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்திலேயே, எங்கள் சிப்பைப் படித்து நேரத்தைப் பதிவு செய்கிற பாயைச் சுருட்டிவிட்டீர்கள். எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், 61 வயது, முதல் பத்து கிலோமீட்டர், 1 மணி 36 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் அட்டைப்பெட்டியிலிருந்து மெடலை எடுத்துக் கையில் கொடுத்தான். 'கோடு எங்கப்பா, எதத் தாண்டணும்?' என்று அவர் கேட்டார். அவனுக்குப் பதில் தெரியவில்லை. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. அதைத் திருத்துங்கள், இன்றைக்கே திருத்த முடியும், அவருடைய பிப் எண்ணை (சட்டையில் குத்தியிருந்த போட்டி எண்ணை) நான் தனியாக அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று. இரண்டுக்கும் பேர் கொடுக்கிறவர்களுக்கு முதல்நாளே ஒரு செய்தி அனுப்புங்கள். பழக்கமில்லாமல் வேகமாக ஓடினால் தசைவலி உடனே வராது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். வெள்ளி ஓடியவருக்கு ஞாயிறு அதில்தான் விழுகிறது. சனிக்கிழமை மாடிப்படி இறங்கும்போது என் தொடை இரண்டும் கல் மாதிரி இருந்தது, ஓடவே இல்லை, சாயங்காலம் அரை மணி நேரம் நடந்ததோடு சரி. ஞாயிறு காலை முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனதும் இறுக்கம் விட்டது. புதிதாக ஓட வரும் பிள்ளைகளுக்கு இது தெரியாது, வலியைப் பார்த்து என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து பாதியில் நிற்கிறார்கள். அப்புறம் அந்தக் காகித டம்ளர்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய டம்ளருக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரும் இரண்டு வாளித் தண்ணீரும் போதும், நின்று குடித்துவிட்டுப் போகிறோம். டி-ஷர்ட் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தால் இரண்டாவது போட்டிக்கும் இன்னும் நாலு பேர் வருவார்கள்.

அக்டோபர் 2 இந்த வருடம் வியாழக்கிழமை, அடுத்த ஞாயிறு 5-ஆம் தேதி. மறுபடியும் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு போட்டி வைக்க வாய்ப்பு இருக்கிறது, வையுங்கள். அதற்குள் பாதையை அளந்துவிடலாம். எங்களிடம் சைக்கிள் இருக்கிறது, எண்ணுவதற்கு என் மகன் இருக்கிறான், 50 மீட்டர் இரும்பு டேப் மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லுங்கள், போக்குவரத்து தொடங்குவதற்கு முன்னால் காலை நாலரை மணிக்குத் தெப்பக்குளத்தில் நிற்கிறோம்.

அன்புடன்,
தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடும் ஒருத்தி