நோட்டீஸில் இல்லாத பாதி

ஐயா,

போன வாரம் மண்டபம் ஊரில் நெத்திலிக் கருவாடு வாங்கப் போனேன். கடை பக்கத்துச் சுவரில் பசை காயாத போஸ்டர் ஒன்று: ‘ஒரே நாடு ஒரே தேர்தல் வந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரே ஓட்டு, அப்புறம் தொல்லையே இல்லை.’ கடையில் எதிர்த்தரப்பின் நோட்டீஸ் ஒரு கட்டு: ‘இனி சட்டமன்றத் தேர்தலே கிடையாது.’

இரண்டுமே தப்பு. முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கைப்படி மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தாற்போல் தேர்தல். உள்ளாட்சித் தேர்தல் அதிலிருந்து 100 நாளுக்குள். ஆக, வார்டு உறுப்பினருக்காக இன்னொரு தடவை வரிசையில் நிற்கத்தான் வேண்டும். மக்களவையோ சட்டமன்றமோ நடுவில் கலைந்தால் மறுபடியும் தேர்தல் உண்டு. ஆனால் புதிய அவைக்கு மிச்சக் காலம் மட்டும்தான். சண்டை போட வேண்டிய இடமே இதுதான். அதை ஒருவரும் அச்சடிக்கவில்லை.

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயரைத் தேடினேன், இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வேண்டும் என்கிறது. ஆனால் துண்டறிக்கையைப் பொறுத்தவரை அது வேட்பாளரின் வெற்றி தோல்வியைக் குறிவைத்த அச்சுக்குத்தான். நோட்டீஸ் தேர்தல் முறையைப் பற்றிப் புளுகினால் அந்தப் பிரிவு தொடாது. 2024 டிசம்பரில் ஒரே தேர்தலுக்கான மசோதா மக்களவைக்கு வந்து, நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கும் போனது. 127ஏ பிரிவை இந்த மாதிரிப் புளுகுக்கும் நீட்டினால் என்ன?

கடைக்கார அக்கா கருவாட்டை அந்த நோட்டீஸில்தான் மடித்துக் கொடுத்தார்.

— ஒரு வாசகர், உச்சிப்புளி