ஜெபக்குறிப்புல நீ எழுதாதது

பாப்பாவுக்கு, அப்பா எழுதுறேன்.

போன்லயே பேசிருக்கலாம். ஆனா நீ "நல்லா இருக்கேன்ப்பா"ன்னு சொன்னதும் எனக்கு அடுத்து என்ன கேக்குறதுன்னு தெரியாம போயிடுது, உடனே அம்மாகிட்ட குடுத்துடறேன், அதான் டைப் பண்றேன். கிளாஸுக்குப் போற அவசரத்துல படிக்காத. ராத்திரி வேலையெல்லாம் முடிச்சிட்டுப் படி, படிச்சிட்டு உடனே தூங்கு.

நீ மிஷனரியாப் போன இடத்துல இருந்து அனுப்புன ஜெப லெட்டர் வந்துச்சு. பாஸ்டர் ஆராதனை முடியுற நேரத்துல அதை ஒரு வரி விடாம வாசிச்சாரு. நீ வீடு சந்திக்கப் போறது, பிள்ளைங்களுக்கு சாயங்காலம் பாடம் சொல்லிக்குடுக்குறது, மொழிப் பரீட்சையில ரெண்டாவது லெவல் பாஸ் ஆனது எல்லாம். எனக்குப் பின்னால உக்காந்திருந்தவர் தோளைத் தட்டுனாரு, வெளிய வந்ததும் எல்லாரும் கை குடுத்தாங்க, பெருமையாத்தான் இருந்துச்சு, எம் மவ வேற மொழியில ஒரு வீட்டு வாசல்ல நின்னு ஜெபம் பண்றான்னா எந்த அப்பனுக்குத்தான் பெருமை இருக்காது. ஆனா பாப்பா, எல்லாருக்கும் போன அதே மெயில்லதான் எனக்கும் வந்துச்சு. "அன்பான ஜெபப் பங்காளர்களே"ன்னு ஆரம்பிக்குது. கீழ தனியா ஒரு வரி இருக்கும்னு கடைசி வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்ல. சரி, வேலை இருந்திருக்கும்.

முதல் வருஷம் நீ எழுதுனதெல்லாம் நான் அழிக்கல. நீ ஒரு சத்தத்தை ஏத்திச் சொல்ல வேண்டியத இறக்கிச் சொல்லி பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சது, பஸ்ல தப்பான இடத்துல இறங்கி ஒரு பாட்டி கையப் புடிச்சு வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டது. அப்பதான நான் உனக்கு சீகன்பால்க் கதை சொன்னேன், 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்குன மிஷனரி, உன் வயசுதான் இருக்கும் அவருக்கு, சின்னப் பிள்ளைங்க கூட மண்ணுல உக்காந்து விரலால அ, ஆ எழுதிப் படிச்சாருன்னு. அதுக்கு நீ, "நானும் பிள்ளைங்ககிட்டதான்ப்பா படிக்கிறேன், டீச்சர விட அதுங்க நல்லா திருத்துதுங்க"ன்னு எழுதிருந்த. அந்த மாதிரி ஒரு வரி வந்து ரொம்ப நாளாச்சு. இப்ப வர்றதுல ஸ்தோத்திரக் குறிப்பு இருக்கு, ஜெபக்குறிப்பு இருக்கு, நன்றி இருக்கு. நீ இல்ல.

தூங்குறியா? அம்மா சாப்பாட்டப் பத்திக் கேப்பா, நான் தூக்கத்தப் பத்திதான் கேப்பேன். உன் கூட இருந்த பொண்ணு ஊருக்குத் திரும்பிப் போனதுல இருந்து அந்த வீட்டுல நீ தனியா இருக்க, அத ஜெபக்குறிப்புல "புதிய உடன் ஊழியருக்காக ஜெபியுங்கள்"னு ஒரே வரியில முடிச்சிட்ட. தனி வீட்டுல ஆளு எந்நேரம் தூங்குது எந்நேரம் எந்திரிக்குதுன்னு யாருக்குத் தெரியும். வாரத்துல ஒரு நாள் முழுசா ரெஸ்ட் எடுக்கணும்னு உங்க ஓரியன்டேஷன்லயே சொன்னாங்க, நானும் பின்னால உக்காந்து கேட்டுட்டுதான இருந்தேன். எடுக்குறியா? எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு போதும் ஆண்டவரே என் உயிர எடுத்துக்கும்னு சொன்னப்ப தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணல. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணியும் குடுத்தான், திரும்பத் தூங்க விட்டான், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். அதுக்கப்புறம்தான் ஓரேப் மலைக்குப் பயணம். ஆண்டவரே அந்த வரிசையிலதான் செஞ்சாரு. அதனால தூங்கு.

இன்னொன்னு. அந்த அக்கா எங்க?

பேர் போட வேணாம்னு நீ சொன்னதால எங்க எல்லாருக்கும் அது "அந்த அக்கா"தான். ஆச்சி ராத்திரி ஜெபத்துல உன் பேர் சொன்ன கையோட அந்த அக்காவையும் சொல்லிடுவாங்க. லெட்டருக்கு லெட்டர் வந்துட்டே இருந்துச்சு, வேதபாடத்துக்கு வர்றாங்க, வீட்டுல எதிர்ப்பு இருக்கு, ஞானஸ்நானம் எடுக்கணும்னு கேட்டாங்க. போன லெட்டர்ல இல்ல, இந்த லெட்டர்லயும் இல்ல. ஆச்சி என்கிட்ட கேட்டாங்க, நான் பாதுகாப்புக்காக எழுதிருக்க மாட்டான்னு சொல்லி வச்சேன். அப்படித்தான்னா ஒண்ணும் சொல்ல வேணாம். ஆனா அவங்க வர்றத நிறுத்திட்டாங்கன்னாலோ, வேற ஏதாச்சும் ஆயிருந்தாலோ, அது உன் கணக்குல எழுதப்படற தோல்வி இல்ல. இத நான் அப்பனா மட்டும் சொல்லல, மிஷன் கமிட்டியில உக்காந்து பல பேரோட ரிப்போர்ட்டப் படிச்சவனாவும் சொல்றேன். எத்தனை வீடு சந்திச்சீங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு நம்ம ஃபார்ம்ல கட்டம் போட்டு வச்சிருக்கோம், எத்தனை ராத்திரி அழுதீங்கன்னு கட்டம் இல்ல. அப்படி ஒரு ஃபார்ம வச்சா பிள்ளைங்க நல்ல செய்தி மட்டும்தான் எழுதுவாங்க. காணிக்கை அனுப்புறவங்க மனசு தளர்ந்துடக் கூடாதேன்னு நீங்க உங்க மனசப் பூட்டி வச்சுக்குறீங்க.

இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. லெட்டர்ல நீ மேஜைக்குப் பக்கத்துல நிக்கிற போட்டோ இருக்குல்ல, அத நான் பெருசு பண்ணிப் பார்த்தேன். முகம் மெலிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் பெருசு பண்ணேன். பின்னால அம்மா உறை தைச்சுக் குடுத்த உன் வேதாகமம், அதுக்கு மேல மொழி நோட்டு, நோட்டுக்கு மேல சார்ஜர் வயர். வேதாகமத்துல படிச்ச பக்கத்துக்கு அடையாளமா வைக்கிற சிவப்பு ரிப்பன் முதல் கொஞ்சப் பக்கத்துலயே தொங்குது. அதுக்கு முந்தின லெட்டர் போட்டோவையும் எடுத்துப் பார்த்தேன், அதுலயும் ரிப்பன் அங்கயேதான் இருக்கு. நீ போன்ல படிப்பியா இருக்கும், இப்ப எல்லாரும் போன்லதான் படிக்கிறாங்க. கோவப்படாத, வேவு பாக்கல. போட்டோவுல கூட நீ என்ன பண்றன்னு தேடுற நிலைமையில இருக்கேன்னு மட்டும் புரிஞ்சுக்கோ.

நான் கேக்க நினைக்கிறத நேராக் கேட்டா நீ "இல்லப்பா"ன்னு சொல்லிடுவ, அதோட அந்தக் கதவு மூடிடும். அதனால கேக்கல. பர்மாவுக்குப் போன மிஷனரி ஜட்சன பத்தி மட்டும் சொல்றேன்.

சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில உனக்குச் சொன்னது பாதிக் கதை. 1813ல அங்க போனாரு, 1819ல தான் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தான், ஆறு வருஷப் பொறுமை. அது வரைக்கும்தான் மேடையில சொல்லுவாங்க. அப்புறம் யுத்தம் வந்து அவர ஜெயில்ல போட்டாங்க, அவர் மனைவி ஆன் அலைஞ்சு திரிஞ்சு சாப்பாடு கொண்டு போய்க் குடுத்தாங்க. அவர் வெளிய வந்தாரு, 1826ல ஆன் இறந்துட்டாங்க, அடுத்த வருஷம் அவங்களோட சின்னக் குழந்தையும் போச்சு. அதுக்கப்புறம் அந்த மனுஷன் காட்டுக்குள்ள ஒரு குடிசையப் போட்டுக்கிட்டு தனியா இருந்தாரு. தனக்குத் தானே ஒரு குழி வெட்டி அதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. தேவன் இருக்காருன்னு நம்புறேன், ஆனா எனக்கு அவரக் காணலங்கிற அர்த்தத்துல லெட்டர்லயே எழுதிருக்காரு, 1829ல. மிஷனரியாப் போய்ப் பதினாறு வருஷம் ஆனதுக்கு அப்புறம் எழுதுனது இது. அவர யாரும் தள்ளி வைக்கல, ஆண்டவரும் தள்ளல. மெதுவா வெளிய வந்தாரு, 1834ல பர்மிய மொழியில வேதாகமம் முழுசையும் மொழிபெயர்த்து முடிச்சாரு. முடிக்கலன்னாலும் அந்தக் குழிக்குப் பக்கத்துல உக்காந்திருந்த நாள்ல அவர் ஆண்டவரோட பிள்ளைதான், இது என் அபிப்பிராயம், யாரும் ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கலன்னாலும்.

மிஷனரி வில்லியம் கேரி கதையிலயும் இப்படித்தான், 1793ல இந்தியாவுக்கு வந்தாரு 1800 கடைசியிலதான் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தாருன்னு சொல்லி ஆமென் போட்டுடறோம், அவர் வீட்டம்மா டாரத்தி பிள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு மனசு கலங்கிக் கடைசி வரைக்கும் தேறவே இல்லங்கிறத யாரும் சொல்றதில்ல. சொல்லணும். சொல்லாம மறைக்கிறதாலதான் இன்னைக்குப் போற பிள்ளைங்க தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்குதுங்க.

எனக்கு ராத்திரியில அதிகமா ஞாபகம் வர்றது மதர் தெரசாவோட அம்மா. அவங்க கத்தோலிக்கர், நம்ம சபை வேற, இதுல எனக்கு அது பெருசில்ல. 1928ல பதினெட்டு வயசுப் பொண்ண ரயில்ல ஸாக்ரெப் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. அவங்க அல்பேனியாவுல மாட்டிக்கிட்டாங்க, அரசாங்கம் வெளிய விடல, 1972ல அங்கயே இறந்துட்டாங்க. மகளுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு இருட்டு இருந்துச்சு, ஜெபத்துல எத்தனை வருஷம் ஒண்ணுமே கேக்காம இருந்துச்சுங்கிறது உலகம் முழுக்கத் தெரிஞ்சது 2007ல, அவங்க எழுதுன லெட்டர் எல்லாம் புத்தகமா வெளிய வந்தப்புறம். ஆவிக்குரிய வழிகாட்டிங்களுக்கு எழுதுனாங்க, நல்லதுதான். அம்மாவுக்கு எழுதுனாங்களான்னுதான் என் மனசு கேக்குது. எனக்கு போன் இருக்கு, வீடியோ இருக்கு, நினைச்ச நேரம் உன் முகத்தப் பாக்கலாம். நீ கேமராவ ஆஃப் பண்ணிட்டுப் பேசுற. நெட் சரியில்லன்னு சொல்ற, குரல் மட்டும் தெளிவா கேக்குது.

யார்கிட்டயாச்சும் பேசு பாப்பா. என்கிட்டதான்னு இல்ல. டீம் லீடர்கிட்ட சொன்னா ரிப்போர்ட்டுக்குப் போயிடும்னு பயம்னா, மிஷனரிங்க நலனப் பாத்துக்க மெம்பர் கேர்னு ஆள் இருக்காங்கல்ல, அவங்க வேலையே இதுதான், அவங்ககிட்ட பேசு. இல்ல அங்கயே ரொம்ப வருஷமா இருக்குற வேற மிஷன் பெரியவங்க யாராச்சும், நீ முன்னாடி சொல்லுவியே அந்த நர்ஸம்மா, அவங்க வீட்டுல போய் ரெண்டு நாள் இரு. ஜெபம் வரலன்னா வரலன்னே சொல்லு, ஆண்டவர்கிட்டயும் அப்படியே சொல்லு. சங்கீதக்காரன் சொல்லாததா.

பாஸ்டர் உன்ன அடுத்த கன்வென்ஷனுக்கு வீடியோ சாட்சி அனுப்பச் சொன்னாரு. நான் இப்ப வேணாம்னு சொல்லிட்டேன். உன்னக் கேக்காம சொன்னது உனக்குப் பிடிக்காம இருக்கலாம், ஆனா நீ நல்லா இல்லாதப்ப நல்லா இருக்குற மாதிரி கேமரா முன்னால நிக்க வேணாம்னு எனக்குத் தோணுச்சு. நல்லா இருந்தேன்னா நீயே அனுப்பு, நான் முதல் வரிசையில உக்காந்து பாக்குறேன்.

மாற்கு பெர்கேயிலயே பவுல விட்டுட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போயிட்டான், ஏன் போனான்னு வேதத்துல எழுதல. அந்தக் கோவத்துல பவுல் அடுத்த தடவை அவனக் கூட்டிட்டுப் போகல, பர்னபா கூட்டிட்டுப் போனாரு. வயசான காலத்துல ஜெயில்ல இருந்துக்கிட்டு அந்தப் பவுலே மாற்குவக் கூட்டிட்டு வா, எனக்கு அவன் தேவைன்னு தீமோத்தேயுவுக்கு எழுதுறாரு. நீ வரணும்னு நான் சொல்லல. நீ போகும்போது உன் தலையில கை வச்சு ஜெபிச்சவங்கள்ல நானும் ஒருத்தன், அந்த ஜெபத்த நான் வாபஸ் வாங்கல, உன் அழைப்ப நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. நீ அங்கயே இருக்கணும்னா இரு, முதுகுக்குப் பின்னால அப்பா இருக்கேன். ஆனா டிக்கெட்டுக்குக் காசு தனியா எடுத்து வச்சிருக்கேன். மூணு மாசம் வந்து படுத்துக் கெடந்துட்டுத் திரும்பப் போகணும்னாலும் சரி, போக வேணாம்னாலும் சரி, சபையில யார் என்ன கேட்டாலும் பதில் சொல்றது என் பொறுப்பு. உனக்கு அந்தக் கவலை வேணாம்.

அம்மாவுக்கு இத எழுதுனது தெரியாது, நீயும் சொல்லாத. தம்பி வேலையில சேந்துட்டான், அவனே உனக்கு எழுதுவான். ஆச்சிக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு.

விசா ரென்யூவலுக்கு நீ கேட்ட டிகிரி சர்டிபிகேட் காப்பிய நோட்டரி பண்ணி ஸ்கேன் எடுத்து மெயில்ல போட்டிருக்கேன், ரெண்டாவது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கு, அது போதுமா வேற எடுக்கணுமான்னு பார்த்துச் சொல்லு. பதில் எனக்கு மட்டும் போடு, பிரேயர் குரூப்ல போட்டுடாத. தூங்கிட்டுப் போடு.

அப்பா