சேகர் அழவில்லை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் குடையைத் தொலைத்தவன் பேச்சை நீ நம்பமாட்டாய். இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலியும் நலமாக இருக்கிறது. உன் பெண் தேறியதற்கு என் வாழ்த்தைச் சொல்லு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரைப் பார், பார் என்று நீ என் காதைக் குடைந்த காலத்தில், நீலப் பெட்டியில் ஏறிக் காலம் தாண்டுகிற 'டாக்டர்' என்பவன் கதை எனக்கு எதற்கு என்று உன்னை விரட்டினேன். போன மாதம் அதில் ஒரு அத்தியாயம் பார்த்தேன். 2010 ஜூனில் வந்தது, ஓவியர் வின்சென்ட் வான் கோ வருவது. சிரிக்காதே. இதற்குள் மூன்று முறை பார்த்தாகிவிட்டது.

பார்த்த கையோடு வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். என் அக்கா அந்த அருங்காட்சியகக் காட்சியில் தேம்பித் தேம்பி அழுதாள். வின்சென்டைப் பெட்டியில் ஏற்றி, பாரீஸில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு, நம் காலத்துக்கே கூட்டிவருகிறார்களே, அதுதான். சுவர் முழுக்கத் தன் ஓவியங்கள், சுற்றிலும் கூட்டம். அருங்காட்சியக நிபுணராக வரும் நடிகர் பில் நைய் வேறு அந்தக் குரலில் வின்சென்டின் பெருமையைச் சொல்லச் சொல்ல, பின்னால் நின்று கேட்கிற வின்சென்ட் உடைந்துபோகிறார். ராமனோ அசையவே இல்லை. "பாட்டைப் போட்டு அழவைக்கிறார்கள், இது பிக்பாக்கெட்" என்றான். அவனை உனக்குத் தெரியாதா, தன் கல்யாணத்திலேயே குறை கண்டுபிடித்தவன். அக்கா பையனுக்குக் கண்ணுக்குத் தெரியாத அந்த மிருகம்தான் பிரச்சினை. எதற்கு அந்த ராட்சதக் கோழி என்று கேட்டான். அதை வின்சென்ட் ஒருவரால் மட்டும்தான் பார்க்க முடிகிறது, ஊரார் அவரைப் பைத்தியம் என்று கல்லால் அடிக்கிறார்கள், அதை நோயாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். "அப்புறம் ஏன் அதை ஓவியத் தாங்கியால் குத்திக் கொல்கிறார்கள், நோய் போய்விட்டதா?" என்றான். பன்னிரண்டு வயது. என்னிடம் பதில் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். கதை நடப்பது 1890, சூரியகாந்திகளை அவர் வரைந்தது 1888 ஆகஸ்ட், டாக்டரோடு பயணம் செய்கிற ஏமி எப்படி அந்த யோசனையைக் கொடுக்க முடியும் என்று ஆரம்பிப்பாய். ஒத்துக்கொள்கிறேன். அதை விடு.

சேகருக்கும் போட்டுக் காட்டினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவன் தூரிகையைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீயும் நானும் போனில் பேசியதைவிட நிலைமை மோசம். இரண்டு மாதம் கதவே திறக்கவில்லை. இந்த அத்தியாயத்தைப் பார்த்தால் தெம்பு வரும் என்று நினைத்தேன். என் மண்டையை என்ன சொல்ல. அருங்காட்சியகக் காட்சியில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர் அழவில்லை. முடிந்ததும், "அத்தனை பாராட்டைக் கேட்ட பிறகும் முப்பத்தேழு வயதில் செத்துப்போனாரா?" என்று மட்டும் கேட்டான். ஏமியும் அங்கேதான் உடைகிறாள், நினைவிருக்கிறதா? புதுசாக நூற்றுக்கணக்கான ஓவியம் இருக்கும் என்று அருங்காட்சியகத்துக்குள் ஓடுகிறாள், புதிதாக ஒன்றுமே இருக்காது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் வான் கோவின் கடிதங்களைப் புரட்டினேன். முரளி, கதையில் நடந்தது ஒரு விதத்தில் நிஜத்திலேயே நடந்திருக்கிறது. 1890 ஜனவரியில் ஆல்பர் ஓரியே என்ற விமர்சகர் அவரைக் கொண்டாடிப் பெரிய கட்டுரை எழுதினார். அதே ஆண்டு தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 பிராங்குக்குப் போனது. இனிமேல் எல்லாம் நல்லபடி நடக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? அவரோ தம்பி தியோவுக்கு எழுதுகிறார், என்னைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று ஓரியேயிடம் சொல்லு, அதையெல்லாம் தாங்கும் நிலையில் நான் இல்லை என்று. ஜூலை 29 அன்று போய்விட்டார்.

அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடமாக நாம் சேகரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்? நீ மேதைடா, ஒரு நாள் உலகமே உன்னைப் பேசும். நீ ஒருபடி மேலே போய் அவன் படத்துக்கு ஏல விலையே கூவுவாய். நாம் சிரித்தோம். அவன் சிரித்தானா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. வின்சென்ட் படுக்கையில் குப்புறக் கிடந்து அழும்போது டாக்டர் நம்பிக்கை வார்த்தை சொல்லப் போவாரே, வெளியே போ என்று கத்துவார் வின்சென்ட். "அதை மட்டும் சரியாக எடுத்திருக்கிறார்கள்" என்றான் சேகர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டான். வின்சென்ட், டாக்டர், ஏமி மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்து வானத்தைப் பார்ப்பார்களே, அதை மறுபடி போடு என்றான். போட்டேன். இரண்டு தடவை. "இங்கே அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை" என்றான்.

அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகிறேன். சதுரங்கம் ஆடுகிறோம். ஓவியப் பேச்சை எடுப்பதில்லை. மனநல மருத்துவரிடம் மறுபடி போக ஆரம்பித்திருக்கிறான், இரண்டு முறை நான் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். மாத்திரையைப் பெரும்பாலும் போடுகிறான். இந்த வாரம் என் ராணியை வெட்டிவிட்டு உன்னைப் போலவே மூக்கைச் சொறிந்தான். நீ வருவாயா என்று கேட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

வா. இரண்டு நாள் லீவு போடு. வந்து மேதை, ஏலம் என்று ஆரம்பித்தாயானால் வாசலிலேயே உன் வாயைப் பொத்துவேன். அவனிடம் நான் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமே என்று கவலைப்பட்டே படுத்துக்கொள்வான். தேதியை எனக்கு மட்டும் எழுது.

அன்புடன்,
கணேசன்