ஷோபன் எட்யூட்ஸ் வெறும் விரல் எக்சர்சைஸ் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல பியானோ கத்துக்கறவங்களுக்காக வந்த கட்டுரை படிச்சேன், மொத்தத்துல நல்லாதான் இருந்துச்சு, ஆனா எட்யூட், அதாவது கை பழகறதுக்குன்னு எழுதற பியானோ துண்டு பத்தி சொன்ன இடம் மட்டும் இடிக்குது. விரல் பயிற்சிப் புத்தகம் போட்ட ஹானோன், இசையமைப்பாளர்கள் ஷோபன், லிஸ்ட்னு எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டி, முதல்ல இந்த விரல் எக்சர்சைஸ் எல்லாம் முடிங்க, அப்புறம் மியூசிக்குக்கு போகலாம்னு எழுதிட்டீங்க. ஹானோனுக்கு சரி, அது சரளி வரிசைதான். ஷோபன் எழுதினது வர்ணம் மாதிரிங்க, கை பழகறதும் அதுலதான், மேடைல வாசிக்கறதும் அதையேதான்.

ஷோபனோட ஓபஸ் 10, அதாவது பத்தாம் நம்பர் தொகுப்புல ரெண்டாவது எட்யூடை எடுத்துக்கங்க. வலது கைல 3, 4, 5 விரலை (நடு, மோதிர, சுண்டு விரல்) மட்டும் வச்சு குரோமேட்டிக் ஸ்கேல், அதாவது வெள்ளை கருப்பு கீ ஒண்ணு விடாம ஓடணும், கைல இருக்கறதுலயே வீக்கான பக்கம் அதுதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பீட்டுக்கு பீட் ஒரு குட்டி கார்ட் (சேர்ந்து ஒலிக்கற சில சுரம்) வாசிச்சிட்டு விலகிடணும். சாதாரண ஸ்கேல்ல பண்ற மாதிரி கட்டை விரலை அடியில விட்டு கையை நகர்த்த முடியாது, அதனால நடுவிரல் மோதிர விரலைத் தாண்டியும், மோதிர விரல் சுண்டு விரலைத் தாண்டியும் போயிட்டே இருக்கணும், இதுக்காக ஷோபனே கிட்டத்தட்ட எல்லா நோட்டுக்கும் விரல் நம்பர் போட்டு வச்சிருக்காரு. கார்டை கொஞ்சம் அழுத்தி வாசிச்சீங்கன்னா ஒரு பக்கம் முடியறதுக்குள்ள முன்னங்கை இறுகிடும். லேசா வாசிச்சாதான் மேல லைன் ஓடும், லேசா வாசிச்சாதான் காதுக்கும் நல்லாருக்கும். கைக்கு எது தீர்வோ அதேதான் இசைக்கும் தீர்வு, ரெண்டையும் தனித்தனியா படிக்கவே முடியாது.

அந்தக் காலத்துல பல வாத்தியாருங்க எல்லா விரலுக்கும் ஒரே பலம் வரவைக்கணும்னு பாடுபட்டுட்டு இருந்தாங்க. ஷோபன் முடிக்காம விட்டுட்டுப் போன பியானோ பாட குறிப்புல நேர்மாறா சொல்றாரு, நாலாவது விரல் மூணாவதோட ஒட்டிப் பிறந்த ரெட்டை, அதைப் பிரிக்கப் பாக்கறாங்க, முடியாது, நல்லவேளை தேவையும் இல்லைன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி இது.

அதே ஓபஸ் 10ல மூணாவது எட்யூட் ஸ்லோவா இருக்கறதால ஈசின்னு நினைக்கறாங்க, அதெல்லாம் இல்ல. மெலடி பாடறது வலது கையோட சுண்டு விரல் பக்கம், அதே கையோட மத்த விரல் பின்னணியை வாசிச்சிட்டே இருக்கணும், அதுவும் மேல இருக்கற குரலை அமுக்காம. கையெழுத்துப் பிரதில முதல்ல விவாச்சேன்னு (துடிப்பான வேகம்) போட்டிருந்தாரு, அச்சுல லென்டோ மா நான் ட்ரோப்போன்னு (மெதுவா, ஆனா ரொம்ப இல்ல) வந்துச்சு. வேகம் குறைஞ்சுது, கஷ்டம் அப்படியே இருக்கு!

லிஸ்ட் விஷயம் இன்னும் சுவாரசியம். 1826ல, சின்னப் பையனா இருக்கும்போதே 12 எக்சர்சைஸ் எழுதினாரு, குருநாதர் செர்னியோட சாயல் அதுல நல்லாவே தெரியும். அதுல நாலாவது வெறும் தேர்ட்ஸ் (நடுவுல ஒரு சுரம் விட்டு ரெண்டு சுரத்தை ஜோடியா வாசிக்கறது) பயிற்சிதான். அதையே ரெண்டு தடவை திருப்பி எழுதி 1852ல டிரான்சென்டென்டல் எட்யூட்ஸா வெளியிட்டப்ப அந்தத் தேர்ட்ஸ்தான் மசெப்பாங்கற துண்டா மாறி நிக்குது, குதிரைல கட்டி விரட்டப்பட்டவனோட கதை. கடைசி வெர்ஷன் நடுவுல வந்ததை விட வாசிக்க கொஞ்சம் சுலபம்ங்கறதையும் சொல்லணும், தேவையில்லாத வித்தையை எல்லாம் அவரே வெட்டிட்டாரு. அந்த செட்டை செர்னிக்கே சமர்ப்பணம் பண்ணாரு.

இந்த லிஸ்டுக்குத்தான் ஷோபன் 1833ல ஓபஸ் 10ஐ சமர்ப்பணம் பண்ணாரு, என் எட்யூடை இவர் வாசிக்கற விதத்தை திருடிக்கணும் போல இருக்குன்னு அதே வருஷம் ஒரு கடிதத்துல எழுதியும் இருக்காரு. வாசிக்கற விதம்னுதான் சொன்னாரு, வேகம்னு சொல்லல. உங்க பெட்டிச் செய்தியிலயோ எட்யூட்ஸை மெட்ரோனோம் நம்பர், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கற வேகக் கணக்கு பாத்து வரிசைப்படுத்தி இருக்கீங்க. ரெண்டாவதுக்கு 144ன்னு இருக்கறது உண்மைதான், ஆனா ஷோபன் ஆசையா வாசிச்ச ப்ளேயெல் கம்பெனி பியானோவோட கீ இன்னைக்கு இருக்கற கிராண்ட் பியானோவை விட ரொம்ப லேசு, ஆழமும் கம்மி. அந்த நம்பரைத் துரத்திட்டுப் போய் மணிக்கட்டு வலியோட வர்ற பசங்களை நான் பாத்திருக்கேன்.

அடுத்த தடவை பட்டியல் போட்டா ஷோபனோட ஓபஸ் 25ல ஏழாவதை சேருங்க ப்ளீஸ், அதுல இடது கைதான் செல்லோ மாதிரி பாடுது, வேகம் எங்கயும் முக்கியமே இல்ல, அதனாலதானோ என்னவோ உங்க பட்டியல்ல அது விட்டுப்போச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி