ஆறு கட்டைகளில் மூன்றாவது வளையம்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 12.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஆண்டு சற்றுக் கடுமையாக இருப்பதால் மாலை நடையை விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தில் இருந்த கணக்கோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு கனசதுரக் கட்டைகளை முகத்தோடு முகம் சேர்த்து வளையமாக முடித்தால் இரண்டே உருவங்கள்தாம் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டு ஆசாரி பலாமரத்தில் அறுத்துக் கொடுத்த கட்டைகளை நான்கு நாள் மாற்றி மாற்றி அடுக்கியதில் எனக்கு மூன்று கிடைத்தன. இரண்டுக்கு மூன்றாகத் தட்டையாகக் கிடப்பது ஒன்று; அதையே நடுவில் செங்கோணமாக மடித்தது மற்றொன்று; எட்டுக் கட்டைகளால் ஆன பெரிய கனசதுரத்திலிருந்து எதிரெதிர் மூலைகள் இரண்டை நீக்கினால் எஞ்சும் வளையம், நீங்கள் தவறவிட்ட மூன்றாவது. திருப்பி வைப்பதையும் தனி உருவமாகக் கொண்டால் இவை முறையே 6, 12, 4 ஆகி, மொத்தம் 22 வரும். அதே கணக்கில் எட்டுக் கட்டைகளுக்கு 207, பத்துக்கு 2,412.

ஒற்றைப்படையில் வளையமே அமையாது. சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாக இடங்களுக்கு நிறம் கொடுத்தால், ஒவ்வோர் அடியிலும் நிறம் மாறுவதால், புறப்பட்ட கட்டைக்குத் திரும்ப இரட்டைப்படை அடிகள் வேண்டும். கடையில் விற்கும், 27 கட்டைகளைச் சங்கிலிபோல் கோத்த பாம்புப் புதிரின் இரு முனைகளையும் இணைக்கப் பேரன் பிடிவாதமாக முயன்றபோது இதைத்தான் சொன்னேன், அவன் நம்பவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. எட்டுக் கட்டைகளும் சேர்ந்து பெரிய கனசதுரமாக நிற்கும்போது வெளித்தோற்றம் ஒன்றே. ஆனால் கட்டைகளை வரிசையாகக் கோத்து வளையமாக்கும் நூல் ஒன்றை நினைத்துக்கொண்டால், அது உள்ளே ஆறு வழிகளில் ஓடலாம். கனசதுரத்தைத் திருப்பினால் அந்த ஆறும் ஒன்றாகிவிடுகின்றன என்றாலும், நாம் எண்ணுவது கட்டைக் குவியலையா, நூலின் பாதையையா என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் உங்கள் விடையும் என் விடையும் ஒருபோதும் ஒத்துப்போகா. நான் நூலின் பக்கம். நூலை எண்ணினால்தானே முடிச்சைப் பற்றியும் பேச முடியும்? வளையத்தில் உண்மையான முடிச்சு, அதாவது நூலை அறுக்காமல் அவிழ்க்க முடியாத முடிச்சு, விழக் குறைந்தது 24 கட்டைகள் தேவை என்று யுவானன் டியாவோ என்ற கணிதவியலாளர் 1993 இல் நிறுவியிருக்கிறார். என்னிடம் இருப்பவை பதினாறுதான்; ஆசாரியிடம் இன்னும் எட்டுக் கேட்டிருக்கிறேன்.

எட்டுக் கட்டைகளின் 207 வளையங்களில், திருப்பினால் ஒன்றாவனவற்றைச் சேர்த்தபின் எத்தனை எஞ்சும் என்று நீங்களும் தனியே எண்ணி வையுங்கள். ஓண விடுமுறையில் பொள்ளாச்சி வருவேன். அப்போது இரண்டு தாள்களையும் ஒப்பிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்